எட்டுக்குள் இருந்த ஏழு

மாப்ளே,

இன்று காலை முதலாளி ஒரு துணிப்பையை அவிழ்த்து என் மேசையில் கொட்டினார். பழைய அமெரிக்க வெள்ளி அரை டாலர்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் நீ வாங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆண்டைப் பார்த்தேன். நான்காவது காசு 1808. கடைசி எட்டின் மேல் வளையத்தில் ஓர் ஏழு எட்டிப் பார்த்தது. "இருக்குடா மாப்ளே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாரோடு பேசுகிறாய் என்று முதலாளி கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

இந்த அரபு ஊர்ப் பழங்காசுக் கடைக்கு, ஏசியைப் பார்க்கத்தான் நீ முதன்முதலில் வந்தாய். கீறல் விழுந்ததென்று நான் ஒதுக்கியிருந்த காசு ஒன்றை எடுத்து, குழல்விளக்குக்கு அடியில் இப்படியும் அப்படியும் சாய்த்தாய்.

"பாய், இது கீறல் இல்ல. கீறல்னா பள்ளமா இருக்கும். இது மேடா நிக்கிது பாருங்க. எட்டுக்குள்ள ஒரு ஏழு கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடற்கரை ஊரில் வெள்ளிக் கடையிலேயே வளர்ந்தவன் நான். பெரம்பலூர்க்கார ஏசி மெக்கானிக் எனக்குக் காசு பார்க்கக் கற்றுத் தருகிறானா என்ற கொழுப்பு. பழைய கம்ப்ரசர்களில் நம்பர் மேல் நம்பர் அடித்து ஏமாற்றுவார்கள், அதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது என்றாய். நீ போனதும் முதலாளியின் தடித்த நாணயப் புத்தகத்தைப் புரட்டினேன். படத்தோடு இருந்தது. அந்தக் காலத்தில் காசடிக்கும் எஃகு அச்சு செய்வது பெரும்பாடு. வருஷம் பிறந்துவிட்டது என்பதற்காக நல்ல அச்சைத் தூக்கி எறியாமல், ஏழின் மேலேயே எட்டை அடித்து ஓட்டியிருக்கிறார்கள். அந்த அச்சில் பிறந்த காசுகளில் எல்லாம் பழைய ஏழும் சேர்ந்தே பிறந்திருக்கிறது. என் முகத்தில் அசடு வழிந்ததை நல்லவேளை நீ பார்க்கவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மாத் தொழுகை முடிந்து நான் கடை திறக்கும்போது, நம்மூர் ஆட்கள் அறை எடுத்துத் தங்கும் அப்பாசியாவிலிருந்து பஸ் பிடித்து நீ வந்து வாசலில் நிற்பாய். பாய் மச்சான் ஆனது அப்படித்தான். எல்லாக் காசிலும் உனக்கு ஏதாவது தெரியும். அச்சில் விழுந்த விரிசலை ஒருமுறை ஒன்றாம் எண் என்று சாதித்தாய். ஒரு மாதம் உன்னை ஓட்டினேன். ஆனால் காசுக்கு விவரச் சீட்டு எழுதுவதில் மட்டும் நீ விட்டுக்கொடுத்ததே இல்லை. "மேல இருக்கறத மட்டும் எழுதுனா பாதிப் பொய் மச்சான். கீழ இருக்கறதையும் போடு" என்பாய்.

அப்படி ஒரு சீட்டை நான் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், உன் பாஸ்போர்ட்டும் இதே கதைதான் என்றாய். வயசு பத்தாது என்று ஏஜென்ட் மூன்று வருஷம் கூட்டிப் போட்டுவிட்டானாம். "பொறந்த வருஷத்துக் கடைசி நம்பர் மேல நாலு, கீழ ஏழு. நானும் ரெண்டு நம்பர் உள்ள காசுதான்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ஜூலை வெயிலில், டூட்டியில், மொட்டைமாடியில் ஒரு ஏசியின் பக்கத்திலேயே விழுந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. கம்பெனி ஆள் இன்னும் வரவில்லை. பிறந்த வருஷம் என்ன பாய் என்று, இறப்புக் காகிதத்தை நிரப்பிய ஆஸ்பத்திரி ஊழியர் இந்தியில் கேட்டார். கீழே இருப்பதைத் தேடியே பழகிய வாய் மாப்ளே. ஏழில் முடியும் வருஷத்தைச் சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு எண்தான். காகிதத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. திருத்தக் கடிதம், அதற்கு முத்திரை, நடுவில் விடுமுறை. ஒன்பது நாள் உன்னை அந்தப் பிணவறைக் குளிரில் போட்டுவைத்தேன். உன் மனைவி தினமும் போன் செய்தாள். "ஏண்ணே இத்தன நாளாவுது? மொகத்தையாவது ஒருக்கா பாத்துக்கிறேண்ணே" என்றாள். பேப்பர் லேட்டாகுதும்மா என்றேன். பெட்டி ஊர் போய்ச் சேர்ந்தபோது, நாள் ஆகிவிட்டது, திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். மூடிய பலகையின் மேல் தலையை வைத்து அவள் அழுததை உன் தம்பி சொன்னான். அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இன்னும் எனக்கு ஆறவில்லை.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். உனக்கு வருஷ திதி வருகிறது. போட்டோவைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறாளாம், அடியில் போடப் பிறந்த வருஷம் கேட்கிறார்களாம்.

"பாஸ்போர்ட்ல உள்ளதப் போடவா, நெசத்தப் போடவாண்ணே?"

"நெசத்தையே போடும்மா."

"அவரும் அதத்தான் சொல்லுவாரு" என்றவள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். பிறகு, அன்றைக்கு நீங்கள் ஒருத்தர் அலைந்ததால்தான் அவர் வீடு வந்து சேர்ந்தார் என்று எனக்கு நன்றி சொன்னாள்.

இன்றைய காசுக்குச் சீட்டு எழுதிவிட்டேன், இரண்டு எண்ணையும் போட்டு. உன் மனைவிக்கு மட்டும் இன்னும் மேலே இருப்பதைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன் மாப்ளே. பேப்பர் லேட் என்று.