பிந்தி வந்த தாளம்

டிசம்பர் 17

நான் வாத்தியாராக இருந்த காலத்தில், ஒலியின் வேகம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வைஷ்ணவி என்றொரு மாணவி கேட்டாள்: "சார், நீங்க 'இப்போ'ன்னு சொல்றீங்களே, கடைசி பெஞ்சுல இருக்கற எனக்கும் அதே இப்போதானா?" வகுப்பே சிரித்தது. இன்று ஏனோ அது நினைவுக்கு வந்தது.

என் மனைவி கோமளத்துக்கு இடுப்பெலும்பு அறுவை முடிந்து மாடியில் எங்கள் வீட்டில் படுக்கை. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். படி இறங்கக் கூடாது. கீழே, குடியிருப்பின் பொதுக் கூடத்தில் மார்கழி பஜனை. வருடா வருடம் அடி எடுத்துக் கொடுத்து முன்னால் பாடுகிறவள் அவள்தான். குடியிருப்புச் சங்கச் செயலாளர் பத்ரிநாத் வந்து, "இந்த வருஷம் யூடியூப்ல பாட்டைப் போட்டுக்கலாம் மாமி, நீங்க ரெஸ்ட் எடுங்கோ" என்றார். "போட்டுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மதியம் சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு யோசனை. அவள் தலைமாட்டில் ஒரு ஃபோன், காதில் அதன் இயர்ஃபோன்; கூடத்து ஸ்பீக்கரில் இன்னொரு ஃபோன். இதில் பாடினால் அதில், அதில் பாடினால் இதில் கேட்கும்படி வைஃபை வழியாக ஒரு செயலி. கீழேயிருந்து "ஹலோ" என்றேன். ஒரு மூச்சு நேரம் கழித்து, "கேக்கறது, கத்தாதீங்கோ" என்றாள்.

டிசம்பர் 18

என்ன நடந்தது என்றே தெரியவில்லை.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பாட்டு மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலுக்கு வந்த பஸ் போல ஊர்ந்து, கடைசி அடிக்கு முன்னால் நின்றே போனது.

ஜால்ரா போடும் வேதநாயகி தணிந்த குரலில் சொன்னாள்: "மாமி ரொம்ப இழுக்கறாங்க சார். ஒடம்பு முடியலையோ என்னமோ."

மாடியில் கோமளம்: "ஜால்ராக்காரிக்குத் தூக்கமா? அவளுக்காக நான் இழுத்தா, அவ இன்னும் இழுக்கறா."

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அப்படியானால் இழுத்தது யார்?

டிசம்பர் 19

இன்றும் அதே கதை. "ஏனாயித்து மேஷ்ட்ரே?" என்றார் பத்ரிநாத், கன்னடத்தில். என்ன ஆயிற்று என்று எனக்கே தெரிந்தால்தானே. நாளையும் இப்படியென்றால் யூடியூப்தான் என்று சொல்லிவிட்டார். கோமளத்திடம் இதைச் சொல்லவில்லை.

மாலை, படிக்கட்டில் நின்றிருந்தேன். மாடியிலிருந்து கோமளம் "காபி ஆறிப் போறது" என்றாள். நேராகக் கேட்டது. பிறகு அதே காபி கூடத்து ஃபோனிலும் ஆறிப் போனது. இதில் எது இப்போ?

அவள் குரல் பிந்திக் கீழே வருகிறது. அதற்கு இவர்கள் போடும் தாளம் மேலே போய்ச் சேர இன்னும் பிந்துகிறது. தான் முந்திவிட்டதாக நினைத்து அவள் தயங்குகிறாள். அவள் தயங்குகிறாளே என்று இவர்களும் தயங்குகிறார்கள். வாசலில் இருவர் "நீங்க முதல்ல" "இல்ல, நீங்க" என்று நிற்பதைப் போல. மரியாதையாலேயே ஒரு பாட்டு செத்துப்போகுமா? புரிகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் 20

பாட்டு பாதியில் ஊர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று நிமிர்ந்துகொண்டு ஓட ஆரம்பித்தது. கூடமே அவள் பின்னால் போனது. ஒன்றும் புரியாமல் மாடிக்கு ஓடினேன்.

இயர்ஃபோனைக் கழற்றித் தலையணைமேல் எறிந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கட்டில் கம்பியில் தானே தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். முடித்ததும் அழுதாள். "யாரும் வராட்டா போறதுன்னு பாடிட்டேன். மானம் போயிடுத்து."

"எல்லாரும் உன் பின்னாலயே வந்தா கோமளம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காததாலதான் நீ தயங்கலை. நீ தயங்காததாலதான் அவா வந்தா."

நம்பவில்லை. எனக்கே சொல்லும்போது விசித்திரமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 21

இனி இயர்ஃபோன் இல்லாமலே பாடு என்றேன். காதில் எதுவும் விழாமல் எப்படிப் பாடுவது என்கிறாள். கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறதாம். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதுகிறோமே, பிள்ளைகள் எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொண்டா எழுதுகிறோம் என்றேன்.

"நீங்க நடுநடுவுல திரும்பிப் பாப்பேளே."

பார்ப்பேன்தான்.

டிசம்பர் 27

தினமும் பாடி முடித்ததும் ஒரே கேள்வி: "வந்தாளா?" வந்தார்கள் என்கிறேன். என் முகத்தையே பார்க்கிறாள்.

ஜனவரி 4

வேதநாயகி பொங்கல் கொண்டுவந்தாள். "மாமி, கொஞ்சம் மெதுவா போங்க. உங்க பின்னாடி ஓடி எங்களுக்கு மூச்சு வாங்குது." கோமளம் சிரித்தாள். "யூடியூப்னா நிறுத்திக்கலாம். என்னை நிறுத்த முடியாதுடி."

ஆனால் இரவு மறுபடி என்னிடம்: "நெஜமாவே வந்தாளா? இல்ல, எல்லாரும் எனக்காகச் சொல்றாளா?"

ஜனவரி 13

மார்கழியின் கடைசி நாள். டாக்டர் சம்மதித்ததால், நாற்காலியோடு தூக்கிப் பத்ரிநாத்தும் வாட்ச்மேனும் அவளைக் கீழே இறக்கினார்கள். ஃபோன் வேண்டியிருக்கவில்லை.

பக்கத்திலேயே வேதநாயகி. முதல் அடியிலேயே கோமளம் அவள் கையைப் பார்த்துத் தயங்கினாள். வேதநாயகி இவள் வாயைப் பார்த்துத் தயங்கினாள். இருவரும் நின்றுவிட்டார்கள். இப்போது நடுவில் வைஃபையும் இல்லை, பிறகு ஏன்?

கோமளம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடி ஆரம்பித்தாள். எல்லோரும் பின்னால் போனோம். கைகளை எப்போது எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது ஒரு கை வேதநாயகியின் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி மேலே தூக்கிவந்து விட்டதும் காபி குடித்தாள். "வந்தாளா" என்று கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர் யாரானாலும், அடுத்த அறையில் ஒருவரை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, இருவரும் ஒன்றாகக் கைதட்டிப் பாருங்கள். பிறகு, உங்கள் காதில் மட்டும் பஞ்சை அடைத்துக்கொண்டு தட்டுங்கள்.