துத்தம் போடாத மக்குராசுக்கு

என் செல்ல மக்குராசு,

உன்னை எலி தின்றுவிட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட அலமாரியைத் திறந்தேன். உன் சிவப்புச் சட்டை கிடந்தது, தலை இல்லை. காகிதத் தூளும் ஒரு காதும்தான் மிச்சம்.

பொம்மைக்கு எதற்கடி கடுதாசி என்று கேட்பவர்கள் திருத்தங்கலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்க வேண்டும். வாரமெல்லாம் தீப்பெட்டி ஒட்டும் பிள்ளைகளுக்குச் செல்லத்தாய் டீச்சர் நடத்தும் வகுப்பு. டீச்சர் கணக்குக் கேட்பார். திரைக்குப் பின்னால் நான் உன் தலைக்குள் விரலை விட்டுக்கொண்டு தப்பாகப் பதில் சொல்வேன். உன்னைத் திருத்தப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். டீச்சரிடம் வாயே திறக்காத ஆறு வயதுப் பேச்சிகூட உன்னிடம் கத்துவாள். நீ இருக்கும்போது தப்பாகச் சொல்ல அவளுக்கு என்ன பயம்?

குற்றம் என்னுடையதுதான். நான் வேலை பார்க்கும் தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவோம். விஷம் அது, எலி அண்டாது. கழித்துப் போட்ட லேபிளை ஊறவைத்து, அந்தப் பசையில் பிசைந்து உன் தலையைப் பிடித்தபோது மட்டும் நான் போடவில்லை. பிள்ளைகள் உனக்கு முத்தம் கொடுப்பார்களே. பேச்சி உன் கன்னத்தை நக்கியே பார்த்தாள். "உப்பா இருக்கான்க்கா!"

உன் பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னை மக்கு என்றார். "அப்ப நீங்க எதுக்கு வாத்தியாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. அந்தப் பேரை உன் தலையில் கட்டினேன். நீ என்னடாவென்றால் அதை வைத்து ராசாவாகிவிட்டாய்.

உன்னைப் பார்த்த மறுநாள் ஞாயிறு, வகுப்புக்கு முன்னால் டீச்சர் என் காதோடு சொன்னார். "அவன் பாஸாகி மதுரைக்குப் போயிட்டான்னு சொல்லிரு தாயி."

"அவனா? பாஸா? ஒரு பிள்ளையும் நம்பாது டீச்சர்."

பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னேன். அழுதார்கள். அப்புறம் டீச்சர், "ஏழும் அஞ்சும் எம்புட்டு?" என்றார். சத்தமே இல்லை. பேச்சி தரையைப் பார்த்தாள். வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "இங்கன ஊமையா உக்காந்திருக்கதுக்கு வீட்ல ரெண்டு பெட்டி ஒட்டலாம்ல. எந்திரி, போவோம்."

இன்றைக்கு எழுந்து போனால் பேச்சி இனி வரமாட்டாள். எனக்குத் தெரியாதா, எழுந்து போனவள்தானே நான்?

திரையை விட்டு வெளியே வந்து பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "பதினேழு டீச்சர்," என்றேன். உன் கீச்சுக் குரலில் இல்லை, என் குரலில்.

பேச்சி தலையைத் தூக்கினாள். "பன்னெண்டுக்கா!" எழுந்தே நின்றுவிட்டாள். "ஆத்தாடி, இந்தக்கா மக்குராசவிடப் பெரிய மக்கு!"

அவள் அம்மாவும் சிரித்துவிட்டாள். "சரி, முடிச்சிட்டு வா," என்று போய்விட்டாள்.

அன்றைக்கு வாத்தியார் சொல்லி எரிந்த அதே சொல். இப்போது ஏன் எரியவில்லை, நீயே சொல்லேன்?

புதுசாக ஒருத்தனைப் பிடிக்கப் போகிறேன். அவனுக்கும் துத்தம் போடமாட்டேன். பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைப்பேன், சத்தியம். உன் பேரை மட்டும் அவனுக்கு வைக்கமாட்டேன். அது என்னிடமே திரும்பி வந்துவிட்டது. நானே வைத்துக்கொள்கிறேன்.

உனக்கு விரல் கொடுத்த அக்கா,
மக்கு