கடைசிப் பாட்டு முடியும்வரை

மார்ச் 4, செவ்வாய்

பொந்தியானிலிருந்து பிரேமலா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். அங்கே நாடகக் குழு நடத்துகிறாளாம். “அக்கா, உங்க ‘நாலு மணி பஸ்’ஸ நாங்க போடலாமா?” என் இசை நாடகத்தை, நான் இல்லாமல், வேறு ஊரில், வேறு ஆட்கள். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தேன்.

மார்ச் 5

இசையமைத்தது என் கொழுந்தன் ரூபேந்திரன். “அண்ணி, வாய்ப்பேச்சா குடுத்திடாதீங்க. எழுத்துல குடுங்க. இல்லன்னா என் பாட்டுக்குக் கராவோக்கே போட்டுருவாங்க லா.” கேலிதான். ஆனால் அதற்குப் பிறகு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

அனுமதிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வசனத்தை மாற்றக் கூடாது, மெட்டை மாற்றக் கூடாது - எல்லாரும் எழுதுவதுதான்.

பிறகு போன வருடம் குளுவாங்கில் நாங்கள் மேடையேற்றியது நினைவுக்கு வந்தது. விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள், எல்லைப் பாலத்து நெரிசலில் சிக்கிய பஸ்ஸுக்குள் பாடும் கடைசிப் பாட்டு. பாதியில் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வந்தார். மண்டப விளக்குகளைப் போட்டார்கள். பொன்னாடை, மாலை, உரை. பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். உரை முடிந்தபோது பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசையில். அந்தப் பாட்டை இதுவரை எந்தக் கூட்டமும் முழுதாகக் கேட்டதில்லை.

ஆகவே கடைசி நிபந்தனை: யார் வந்தாலும் நாடகத்தின் நடுவில் மாலை மரியாதை கூடாது.

மார்ச் 11

“அலமாக், என்னக்கா இது. மண்டபம் குடுத்ததே எங்க டத்தோதான்” என்றாள் பிரேமலா.

“தொடங்குறதுக்கு முன்னால செய்ங்க. இல்ல, முடிஞ்சதும்.”

“அவரு எப்பவும் நடுவுலதான் வருவாரு.”

யோசித்துச் சொல்கிறாளாம். எனக்கென்ன இவ்வளவு பிடிவாதம்? வேணாம்னுட்டா? வேணாம்னா போகட்டும். - போகக் கூடாது. ஐயோ, எனக்கு இது வேணும்.

மார்ச் 14

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்!

மே 18, ஞாயிறு

நேற்று நானும் ரூபேந்திரனும் பொந்தியான் போனோம். கடைசி வரிசை, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில். பஸ்ஸை வெறும் பிளாஸ்டிக் நாற்காலிகளால் செய்திருந்தார்கள். எங்களுடையதைவிட நன்றாகக் குலுங்கியது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கடைசிப் பாட்டில் கதவு திறந்தது. டத்தோ. முன்வரிசையில் மண்டபக் குழுத் தலைவர் மனோகரன் மாலையோடு எழுந்தார். ரூபேந்திரன் என் மணிக்கட்டைப் பிடித்தான். மேடையோரத்திலிருந்து பிரேமலா கையமர்த்தினாள்: உட்காருங்க. மனோகரன் நின்றார், பார்த்தார், மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கு வரவில்லை.

டத்தோ இருட்டில் தடவித் தடவி என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். “யாரும்மா எழுதுனது?”

“பாட்டு முடியட்டுங்க.”

முடிந்தது. முழுதாக. திரும்பிப் பார்த்தேன். மேசையில் மீஹூன் ஆறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வரிசையில் ஒருவரும் இல்லை.