இரண்டு பல் குறைத்த பிறகு

22 ஜனவரி 1963

இன்றும் பள்ளிக்குத் தாமதம். இல்லை, தூங்கிவிட்டதால் அல்ல. ரயில்வே கேட். தலைமையாசிரியை மதரிடமும் இதைத்தான் சொன்னேன். "கேட் தினமும் அங்கேதானே இருக்கிறது, டீச்சர்?" என்றார். உண்மைதான். விருத்தாசலம் பாசஞ்சரும் தினமும்தான் வருகிறது. ஒரே நேரத்தில் வருவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தாமதம். இன்னொன்று வந்தால் ஏப்ரலில் நிரந்தரமாகிறவர்களில் நான் இல்லை. கன்னியர் பள்ளிக்குத் தற்காலிகமாக வந்தவள் தற்காலிகமாகவே போய்விடுவேன். மதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலை போனால் என்ன? — எழுதிப் பார்த்தேன்.

23 ஜனவரி

கணவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

27 ஜனவரி

கணவர் பெயரை வெளியே சொல்ல முடியாது. இங்கே சொல்லிக்கொள்கிறேன்: சூசைமாணிக்கம். மணமாகி ஏழு மாதம். பனமரத்துப்பட்டி ஏரியில் நகரசபை ஓவர்சியர். சேலம் குடிப்பது அவர் திறந்துவிடும் தண்ணீர். காலையில் ஏரியின் மட்டத்தைச் சொல்ல ஆபீசுக்குப் போகிறார். வழியில் என்னைப் பள்ளியில் இறக்கிவிடுகிறார். பட்டாள ஏலத்தில் எடுத்த புல்லட். அதனோடு பேசுகிறார். என்னோடு பேசுவதைவிட அதிகம்.

சென்னையில் படித்த நாட்களில், பேச்சுதான் மனிதர் என்று நம்பினேன். விடுதியில் எதைப் பற்றித்தான் பேசவில்லை! தனிமை, சுதந்திரம், சாவு. இங்கே பேசாத ஒருவர். அவருக்குள் என்ன இருக்கிறது? என் வேலை அவருக்கு வேண்டுமா, வேண்டாமா?

அத்தை நேற்று மீன் அரிந்துகொண்டே சொன்னார்: "எதுக்குச் சாமி இந்தப் பாடு? ஊட்டுல இருந்தா கேட்டும் இல்ல, மதரும் இல்ல." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது. அன்புக்கு என்ன எதிர்ப்பேச்சு?

4 பிப்ரவரி

கேட்டில் நாங்கள்தான் முன்னால் போய் நிற்கிறோம். பின்னால் மாட்டுவண்டிகள், நூல் லாரி, பஸ். பாசஞ்சர் போகிறது. கேட் ஏறுகிறது. இந்தப் பக்கத்தவர்களும் அந்தப் பக்கத்தவர்களும் ஒரே சமயத்தில். எங்கள் புல்லட் ஓட ஆரம்பித்தால் ராஜா. கிளம்பத்தான் யோசிக்கும், தடித்த மனிதர் பந்தியிலிருந்து எழுவது போல. அதற்குள் லாரி மூக்கை நுழைத்துவிடும். தண்டவாளத்தின் மேலேயே எல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்புறம் யார் மாட்டை யார் பின்னால் தள்ளுவது என்று சண்டை.

இன்று கேட்டில் நிற்கும்போது அவர் உதடு அசைந்தது. "ஜெபமா?" என்றேன்.

"கணக்குங்க, டீச்சர்."

என்னை டீச்சர் என்பது கேலி. கேலிதானா?

9 பிப்ரவரி

என்ன கணக்கு என்று இன்று தெரிந்தது. வண்டியின் முன் பல்சக்கரத்தை — ஸ்ப்ராக்கெட் — மாற்றுகிறார். பதினேழு பல்லை எடுத்துவிட்டுப் பதினைந்து.

செவ்வாய்ப்பேட்டையில் கரீம் பாஷாவின் பட்டறை. அந்தச் சின்னச் சக்கரம் கிளச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதை எட்டுவதற்குள் வண்டியின் இடது பக்கம் முழுவதும் கோணிமேல் பரப்பியாகிவிட்டது. கடைசி நட்டு அசையவில்லை. இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்க, பாஷா சுத்தியலால் அடித்தார். டீ வாங்கிவரச் சொல்லட்டுமா என்றேன். "நோன்பும்மா" என்று சிரித்தார். வெட்கமாகிவிட்டது. இவரும் குடிக்கவில்லை.

"சின்னதைப் போட்டா எப்படி வேகம் வரும்?"

"வேகம் இல்லம்மா, இழுவை. நின்ன எடத்துல இருந்து பாயும். ஆனா ஓட்டத்துல—"

"செயினு தொய்யுது பாருங்க பாய்" என்றார் இவர்.

பின்சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கினார்கள். பழைய சக்கரத்தை என் கையில் தந்தார். உள்ளங்கை அளவு. எதிர்பாராத கனம்.

எனக்காகவா?

11 பிப்ரவரி

முழங்கை எரியுது. சிரிப்பும் வருது.

கேட் ஏறிச்சு. வண்டி பாஞ்சது. நான் பாயலை.

நிதானமாக எழுதுகிறேன். சேலை கட்டியிருப்பதால் ஒரு பக்கமாக உட்காருகிறவள். ஒரு கையில் தூக்குப் பாத்திரம், மறு கையில் திருத்திய நோட்டுக் கட்டு. அவரைப் பிடித்துக்கொள்வதில்லை — நடுரோட்டில், ஊர் பார்க்க, எப்படி? வண்டி மெல்லக் கிளம்பிய வரையில் பிடிக்கவும் தேவைப்படவில்லை. இன்று எனக்கு அடியிலிருந்து சீட்டு போய்விட்டது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், புழுதியில், உட்கார்ந்தபடியே இருந்தேன். அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. மிக அழகாகப் போனார். எல்லோருக்கும் முன்னால்.

"அண்ணோவ்! அம்மாவ உட்டுட்டுப் போறீங்!" வண்டிக்காரர்கள் கத்தினார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

நூல் லாரி நின்றது. டிரைவர் திருச்செங்கோட்டுக்காரர். "ஏறுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரப் புடிச்சுப் போடலாம். அடி கிடி பட்டுச்சுங்களா?"

"இல்லீங்க." முழங்கையில் ரத்தம்.

"மனுசரு என்னமாப் போறாரு பாருங்க! ஆளு எறங்குனதும் பாரங் கொறஞ்சு போச்சாட்ட இருக்குது."

அந்த நிலையிலும் சிரித்துவிட்டேன்.

அங்கே பள்ளி வாசலில் அவர், "இறங்குங்க டீச்சர், இன்னும் மணி அடிக்கல" என்றாராம். வாட்ச்மேன் ராசப்பன், "டீச்சர் எங்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் திரும்பியிருக்கிறார். உடனே வந்த வழியே பறந்திருக்கிறார். எங்கள் லாரியைத் தாண்டித்தான் போனார். மேலேயிருந்து கத்தினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் நான் அந்த முகத்தைப் பார்த்துவிட்டேன். ஏழு மாதமாக நான் தேடியதெல்லாம் அதில் இருந்தது.

பள்ளிக்குள் நுழைந்தபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது. மூன்றாவது.

12 பிப்ரவரி

நேற்று மதர், "கேட்டா?" என்றார்.

"இல்லை மதர். கேட்டில் நாங்கள்தான் முதலில் கிளம்பினோம். அதாவது, வண்டி கிளம்பியது. நான் கிளம்பவில்லை."

உதட்டைக் கடித்துக்கொண்டார். டிங்சர் வரவழைத்தார். முழங்கையைத் தாமே துடைத்துவிட்டார். பிறகு பழைய குரல்: "இதை நான் கணக்கில் வைக்கவில்லை. ஈஸ்டர் விடுமுறைக்குள் இன்னொன்று வந்தால், காரணம் சொல்ல என்னிடம் வர வேண்டாம்."

வீட்டில் அத்தை மகனை உண்டு இல்லை என்று ஆக்கினார். "பொண்டாட்டி பின்னால இருக்காளா இல்லையான்னு தெரியாம ஒருத்தன் போவானாடா? அரிசி மூட்ட உழுந்தாக்கூடத் தெரியுமே!"

அவர் என்னைப் பார்த்தார். "பழசையே போட்டுரலாமா?"

"வேண்டாம். நான் பிடிச்சுக்கிறேன்."

சொன்ன பிறகுதான் அத்தை நிற்பது நினைவு வந்தது. அத்தை புளியைக் கரைத்தபடி, "இடுப்பையே புடிச்சுக்க சாமி. ஊரப் பாத்தா எலும்புதான் உடையும்" என்றார்.

13 பிப்ரவரி

பிடித்துக்கொண்டேன்.

27 பிப்ரவரி

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு இருவரும் கேட்டில். இரண்டு வாரமாக ஒரு நாள்கூடத் தாமதமில்லை. கேட் ஏறும்போது என் கை இறுகுகிறது. அது இறுகிய பிறகுதான் கிளச்சை விடுகிறார். இடையில் வார்த்தை கிடையாது. நூல் லாரி டிரைவர் மட்டும் தினமும் ஹாரன் அடித்து, "அம்மா இருக்காங்களான்னு பாத்துக்குங்கோ!" என்கிறார்.

10 மார்ச்

பூசை முடிந்து மல்லூரில் என் சித்தி வீட்டுக்குப் போனோம். நாமக்கல் ரோடு நேராகும் இடத்தில் செபஸ்தியான் வந்து சேர்ந்தார். இவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர். புது ஜாவா மோட்டார் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து இந்த ரோட்டில் இவரை முந்தப் பார்க்கிறாராம், முடிந்ததில்லையாம். இன்று எங்கள் வண்டி அலறியது. அலறியதே தவிர ஓடவில்லை. ஜாவா கையைக் காட்டிவிட்டுப் போயிற்று.

டீக்கடையில் காத்திருந்தார். "ஏன்டா மாணிக்கம், தவக்காலத்துக்குக் கறிய உடுவாங்க, பீடிய உடுவாங்க. நீ வேகத்தையே உட்டுட்டியா?"

"முன்னால ரெண்டு பல்லு கொறச்சுட்டன்."

"பைத்தியமாடா உனக்கு!" என்னிடம் திரும்பினார். "அம்மிணி, இவன் இந்த ரோட்டுல பறக்கறதப் பாக்கறதுக்குன்னே ஆளுக நிப்பாங்க. நீங்களாச்சும் சொல்லக்கூடாதுங்களா?"

சொல்வதற்கு எனக்குத் தெரிந்தால்தானே. இழுவை கூடினால் ஓட்டம் குறையும். பட்டறையில் பாஷாவை இவர் முடிக்கவிடாத வாக்கியம்.

திரும்பும்போது ஏரிக்கரையில் கேட்டேன். "தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"தெரியாமயா?"

"வருத்தமில்லையா?"

கரைத் திருப்பத்தில் கியரைக் குறைத்தார். "இருந்துச்சு. ஒரு வாரம்." மறுபடி கூட்டினார். "அந்த ரோடு எப்பவாச்சும். கேட்டு தினமும்."

11 மார்ச்

நன்றி என்று எழுதி அடித்தேன். அது இல்லை. இரக்கமும் இல்லை. சென்னையில் நாங்கள் பேசித் தீர்த்த சொற்களில் இதற்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பழையதை மறுபடி போடச் சொல்ல வேண்டாமா நான்? சொல்ல மாட்டேன். ஏப்ரல் வரை சொல்ல மாட்டேன். சுயநலம். இருக்கட்டும்.

26 மார்ச்

பாசஞ்சர் வெகுநேரம் வரவே இல்லை. கேட் திறக்கவே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் முதுகிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "போகல" என்றது முதுகு. திறந்ததும் பாய்ந்தோம். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடி உள்ளே நுழைந்தேன். ராசப்பன் இன்று வழக்கத்தைவிட நீளமாக மணி அடித்தார் என்று சந்தேகம். மதர் நிமிரவில்லை.

5 ஏப்ரல்

நிரந்தரம். மதர் கைகுலுக்கினார்.

"ஜூனிலிருந்து உங்களுக்கு முதல் மணி வகுப்பு வேண்டாம், டீச்சர். தூரத்திலிருந்து வருகிறீர்கள். அந்த நேரத்தை ஓய்வாகப் போட்டுவிடுகிறேன். நிதானமாகப் பஸ்ஸில் வரலாம்."

வாசலில் காத்திருந்த அவரிடம் ஓடிவந்து சொன்னேன். நிரந்தரம் என்றதும் வண்டியை விட்டு இறங்கி நின்றார். ராசப்பன் எதிரில் என் கையைப் பிடிக்கப் போய், ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டார்.

"இனி அவசரமே இல்லை. நீங்க அந்தப் பதினேழையே போட்டுக்கலாம்" என்றேன். "செபஸ்தியானை ஒரு கை பாருங்க."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப, காலையில நான் ஒண்டியாப் போவோணுமா?"

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். முதல் மணி எனக்கே இருக்கட்டும் என்று மதரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.