மாமா கட்டிய சிவப்பு இழை

சனிக்கிழமை இரவு, மலேசியா

உலகோர்க்கு அறிவிப்பது யாதெனில், காஞ்சிபுரத்துச் சிங்கம் (நான்தான்) காட்டில் ஆறு மணி நேரம் நடந்து, அருவியைக் கண்டு, அட்டைக்கடியோடு விடுதி திரும்பியது.

"இன்னும் அரை மணிதான் தம்பி" என்று வழிகாட்டி நான்காவது முறை சொன்னதுமே எனக்கும் மாமாவுக்கும், இவருக்கு வழி தெரியுமா என்று சந்தேகம். மாமா தறிக்காரர். பையிலிருந்த சிவப்புப் பட்டிழையை, பாதை பிரியும் இடமெல்லாம் கிளையில் கட்டிக்கொண்டே நடந்தார். கடைசி ஆளாக நான் வந்தேன்.

திரும்பும்போது ஓர் இழையும் இல்லை. இருட்டத் தொடங்கியது.

"இழைய ஏன்பா அவுத்த? எங்கள எங்க இட்டுக்கினு போற?" என்று மாமா கத்தினார்.

"நான் தொடலை சார், பின்னாலயே வாங்க."

சரியாகத்தான் கொண்டுவந்து விட்டார். ஆனாலும் காலையில் அவர்மேல் புகார் கொடுப்பாராம் மாமா. அவர் வேலை போய்விடும்.

மாமாவைப் பயங்காட்ட அவிழ்த்தவன் நான்தான். சொல்லிவிடலாமென்று அவர் அறைக்கதவுவரை இரண்டு முறை போனேன். தட்டத் தைரியம் வரவில்லை.