கதவுக்கு வெளியே இரண்டு நிமிடம்

பிரிக்பீல்ட்ஸ்,
1.12.1987

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன் என்றுதான் தொடங்க நினைத்தேன். ஆனால் முட்டை பொரிக்கப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டவன் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் எப்போது கூப்பிட்டாலும், "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள் உன் மகள். காலையிலும் குளியல், மத்தியானமும் குளியல், ராத்திரிச் செய்தி முடிந்த பிறகும் குளியல். இப்படியே போனால் கிள்ளான் ஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போனோம். திரும்பும்போது, "ரெண்டு வாரம் பிள்ளையப் பாத்துட்டு வரேன்" என்று நீ மட்டும் தங்கினாய். இதோ டிசம்பர் பிறந்துவிட்டது. அன்றைய விருந்தில் நான் சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சுக்காகவா இத்தனை நாள்? சும்மா சொன்னதுதானே, அதையே பிடித்துக்கொண்டிருக்கலாமா?

டிசம்பர் வந்தால் நம் வீட்டில் கிறிஸ்துமஸ் படங்கள் ஓட வேண்டும். டிவியில் போட்டபோது பதிவு செய்த மூன்று கேசட்டும் அலமாரியில்தான் இருக்கின்றன. நேற்று நாய்ப் படத்தைப் போட்டேன். அந்தக் கிழட்டு நாய் வீடு திரும்பும் இடத்தில் நீ பக்கத்தில் மூக்கை உறிஞ்சினால்தான் எனக்கு அது படம். நேற்று நாய் வந்தது, போனது. நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

இருபதாம் தேதிக்குள் வந்து சேர். கேக்குக்கு வெண்ணெய் வாங்கி வைக்கட்டுமா?

இப்படிக்கு,
சவரிநாதன்


கிள்ளான்,
5.12.1987

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கைப் புண்ணுக்கு மருந்து குளியலறை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. அடுப்பைப் பெரிதாக வைக்காதீர்கள். பேரனுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. முதல் கடி எனக்குத்தான்.

வேடிக்கைப் பேச்சு என்கிறீர்கள். நீங்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஐம்பத்தாறு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு முறை சோதனையில் தோற்றேன். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரம். நீங்களோ ஞானஸ்நான விருந்தில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துத் திருப்பிக் காட்டி, "அமலோ கார எடுத்தா பிரிக்பீல்ட்ஸ்ல எல்லாரும் மரத்து மேல ஏறிக்கணும்லா" என்றீர்கள். சம்பந்தியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். முப்பத்திரண்டு வருஷம் உங்களோடு வாழ்ந்ததில் அன்றைக்குப் பட்ட அவமானம் வேறு என்றைக்கும் பட்டதில்லை.

நாய்ப் படத்துக்கு நான் மூக்கை உறிஞ்சுவேனாம். ரயில் படத்தில், பனியில் மாட்டிக்கொண்ட பிரயாணிகள் ஆளுக்குக் கொஞ்சமாக ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்னும்போது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்பாரே, அவர் யாரோ?

வெண்ணெய் வாங்க வேண்டாம். நான் வரவில்லை.

அமலோற்பவம்


பிரிக்பீல்ட்ஸ்,
9.12.1987

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் இருந்தாலும் மருந்து இருக்கும் இடத்தை எழுதியிருக்கிறாய். அதுவரைக்கும் சந்தோஷம்.

பக்கத்து வீட்டு இராமலிங்கத்தைக் கூப்பிட்டு ரயில் படம் போட்டேன். துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டுமே என்றுதான். ரயில்வேயில் இருபத்தைந்து வருஷம் என்னோடு வேலை பார்த்த மனுஷன், படத்தில் ரயில் கிளம்புவதற்கு முன்னாலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். கார்டு கொடியைத் தப்பாகக் காட்டும் இடத்தில் எழுப்பி, "பாத்தீங்களா, எவ்வளவு பெரிய தப்பு" என்றேன். "விடுங்க சவரி, அவங்க ஊர்ல அப்படித்தான் போல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டார். நீயாக இருந்தால், "போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க" என்று சொல்லியிருப்பாய். அதைக் கேட்பதற்காகத்தான் நான் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.

பிறகு கதவுப் படம் போட்டேன். நம் மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான் என்று உனக்குத் தெரியும். மனைவியோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனவன் கிறிஸ்துமஸ் ராத்திரியில் பனியில் நடந்து வந்து கதவைத் தட்டுகிறான். அடுத்த காட்சியில் மேசையில் உட்கார்ந்து வான்கோழி சாப்பிடுகிறான். அந்த அம்மாள் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டாளா? வந்து நின்றான், அதுவே போதும் என்று விட்டுவிட்டாள். பெரிய மனசு என்பது அதுதான். அந்தப் படத்தை நாம் எத்தனை தடவை பார்த்திருப்போம். நீ அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நம் டாட்சன் காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

சவரிநாதன்


கிள்ளான்,
13.12.1987

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

பெட்டி கட்டவில்லை. இருபதாம் தேதி நீங்கள் வரவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மாப்பிள்ளை விஜயன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார் அல்லவா, அவருக்குக் கப்பல்காரச் சிநேகிதன் ஒருவன் இங்கிலாந்திலிருந்து சில வீடியோ கேசட் கொண்டுவந்து கொடுத்தான். அதில் நம் கதவுப் படமும் இருந்தது. நேற்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம்.

நம் டிவியில் முத்தக் காட்சி வந்தால் வெட்டிவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். இந்தப் படத்தில் முத்தத்தோடு சேர்த்து அதற்கு முன்னால் இரண்டு நிமிடத்தையும் வெட்டியிருக்கிறார்கள். அதைத்தான் நாம் இத்தனை வருஷம் முழுப் படம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் கதவைத் தட்டுகிறான். அந்த அம்மாள் திறக்கவில்லை. கதவுக்கு உள்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் வெளியே பனியில் நின்றபடி பேசுகிறான். என்ன தப்பு செய்தேன், அது உன்னை எப்படி வருத்தியது, இதெல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். குளிரில் பல் கிட்டுகிறது, ஆனாலும் நிறுத்தவில்லை. அவன் சொல்லி முடித்த பிறகுதான் தாழ்ப்பாளை எடுக்கிறாள். அப்புறம்தான் முத்தம், அப்புறம்தான் வான்கோழி.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஸ்டெல்லா பயந்துபோய், "ஏம்மா, என்ன ஆச்சு" என்று கேட்டாள். உங்கப்பா இத்தனை காலமும் தட்டினால் சோறு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தது எதனால் என்று இன்றைக்குத்தான் புரிந்தது என்றேன். சிரித்து முடித்த பிறகு அழுகையும் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இன்னொரு செய்தி. இங்கே அய்யாவு என்ற மாஸ்டரிடம் மறுபடியும் கார் படித்தேன். நவம்பரில் சோதனை வைத்தார்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கையில் வாங்கியதும் உங்களுக்குத்தான் முதலில் போன் பண்ண வேண்டும் என்று தோன்றியது. இரண்டு நம்பர் சுற்றிவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் இதையும் ஒரு கதையாக்கி நாலு பேரைச் சிரிக்க வைப்பீர்களோ என்று பயமாக இருந்தது.

வந்து நின்றால் மட்டும் இந்தக் கதவு திறக்காது. விஜயன் கோலாலம்பூர் வரும்போது அந்தக் கேசட்டை உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அமலோற்பவம்


பிரிக்பீல்ட்ஸ்,
16.12.1987

(கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் கீழ் மூலையில்)

ஸ்டெல்லா குடும்பத்தாருக்கும் சம்பந்தி குடும்பத்தாருக்கும் அமலோற்பவத்துக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். லைசென்ஸ் எடுத்ததற்குப் பாராட்டு. நடந்ததற்கு மன்னிக்கவும்.

சவரிநாதன்


கிள்ளான்,
19.12.1987

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

அட்டை வந்தது. அழகாக இருக்கிறது, மூன்று ராஜாக்களும் ஒட்டகமும். உங்கள் மன்னிப்பு ஒட்டகத்தின் காலடியில் இருந்ததால் சம்பந்தியம்மா கண்ணில் படவில்லை. மற்ற அட்டைகளோடு கயிற்றில் தொங்கவிட்டுவிட்டார். இப்போது அது காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அமலோற்பவம்


பிரிக்பீல்ட்ஸ்,
21.12.1987

என் அன்புள்ள அமலோவுக்கு,

நேற்று மத்தியானம் விஜயன் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். நீ சொல்லி அனுப்பியிருப்பாய் என்று நினைக்கிறேன். கதவுப் படத்தின் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரன் நன்றாகத்தான் பேசுகிறான். அவன் வார்த்தைகளையே கடன் வாங்கி உனக்கு எழுதிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். எனக்கு ஒத்து வரவில்லை. அவன் செய்த தப்பு வேறு, நான் செய்தது வேறு.

என்னுடையதைச் சொல்கிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த மாதமே நீ கார் படிக்கப் போகிறேன் என்றாய். எனக்குப் பயம் வந்தது. நீ எங்காவது மோதிவிடுவாய் என்ற பயம் இல்லை. நான் போக இடமில்லாமல் வீட்டில் உட்காருகிற நேரத்தில் நீ புறப்பட்டுப் போகப் பழகுகிறாயே என்ற பயம். இனி உன்னை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போகக்கூட நான் தேவைப்பட மாட்டேன் என்று நினைத்தேன். நீ முதல் தடவை தோற்றபோது வெளியில் ஆறுதல் சொன்னேன், உள்ளே நிம்மதியாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

விருந்தில் தட்டைத் திருப்பிக் காட்டியபோது நீ சம்பந்தியம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உன் முகத்தையும் பார்த்தேன். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை, எல்லோரும் சிரித்தார்களே என்று இன்னொரு தடவை திருப்பினேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், அமலோ. மனசாரக் கேட்கிறேன்.

லைசென்ஸ் வாங்கிய அன்று நீ சுற்றின அந்த இரண்டு நம்பரை நினைத்துக்கொண்டு நேற்று ராத்திரி வெகுநேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மீதி நம்பரையும் சுற்றியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். ஏதாவது கேலிதான் பேசியிருப்பேன். நீ வைத்துவிட்டதே நல்லது.

மன்னிப்பை இப்படிக் காகிதத்தில் எழுதி முடித்துக்கொள்வது சரியில்லை. நாலு பேர் முன்னால் சிரிக்க வைத்தவன் நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் வருகிறேன். ஸ்டெல்லா, விஜயன், சம்பந்தி, சம்பந்தியம்மா, அன்றைக்கு விருந்துக்கு வந்தவர்களில் யாரெல்லாம் வர முடியுமோ அத்தனை பேரையும் கூடத்தில் உட்கார வை. நான் தட்டியதும் கதவைத் திறந்துவிடாதே. பேரன் என் குரலைக் கேட்டுக் கத்தினாலும் திறக்காதே. எனக்கு அழகாகப் பேச வராது, நடுவில் தடுமாறுவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்லி முடிக்க விடு.

முடித்த பிறகு திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். திறக்க மனம் வராவிட்டால் பக்கத்து ஜன்னலை மட்டும் கொஞ்சம் திற. டாட்சன் சாவியைக் கம்பி வழியாக நீட்டுகிறேன், வாங்கிக்கொள். பெட்ரோல் நிரப்பி, டயருக்குக் காற்றடித்து, உன் உயரத்துக்கு சீட்டை முன்னால் தள்ளி வைத்திருப்பேன். கார் உன்னிடமே இருக்கட்டும். நான் பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறேன்.

உன்,
சவரிநாதன்