வெள்ளை வேனுக்கு நீல நிறம்

எட்டுத் திசையையும் ஹாரன் அடித்தே கலக்கிய வேன் சக்கரவர்த்தி, என் அருமை மருமகனுக்கு, அவர் அரசவையில் பல் விழுந்த ஒரே மந்திரியான தாய்மாமன் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். என் கடைவாய்ப் பல் மட்டும் காலமாகிவிட்டது. பிடுங்கும்போது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கூரை ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது. உன் அம்மா, பையனுக்கு வெளியூரில் பெரிய வேலை என்று விளக்குக் கம்பத்தைக்கூட விடாமல் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீதான் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

போகிற அவசரத்தில் வேன் சாவியை என் கையில் திணித்து, மாடு குறுக்கே வந்து முன்பக்கம் கொஞ்சம் நசுங்கிவிட்டது மாமா, விற்பதற்கு முன்னால் நிறத்தையே மாற்றிவிடுங்கள், ஸ்டிக்கரோ பெயின்டோ எது சீக்கிரம் முடியுமோ அது என்றாய் அல்லவா? உன் அம்மா நீலம்தான் வேண்டும் என்றாள். புறப்பட்டேன்.

பாலத்து வளைவில் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். அவர் வந்து நின்றது என் ஜன்னல் ஓரம்; நசுங்கல் மறுபக்கம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் தன் மனைவியை, மழை பெய்த அன்று சைக்கிளோடு யாரோ இடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். இன்னும் கண் திறக்கவில்லையாம். சைக்கிளில் ஒட்டியிருந்த பெயின்டை வைத்து, வெள்ளை வண்டி என்று மட்டும் தெரியுமாம். நீங்க இந்தப் பக்கம் வர்றவங்களா, ஏதாச்சும் பார்த்தீங்களா என்று, தானே தப்புச் செய்தவரைப் போலக் கூசிக் கூசிக் கேட்டார். பார்க்கலையே ஐயா என்றேன். அப்போது அது உண்மை.

ஸ்டிக்கர் கடைக்காரர் விரித்துப் போட்ட நிறங்களைப் பார்த்தால் வானவில் வெட்கப்பட்டு ஊரைவிட்டே ஓடிவிடும். வேண்டாமென்றால் உரித்துவிடலாம், அடியில் பழைய பெயின்ட் அப்படியே இருக்கும் என்று பெருமையடித்தவர், முன்பக்கத்தைத் தடவியதும் கையை எடுத்துக்கொண்டார். ஸ்டிக்கர் தோல் மாதிரி பெரியவரே, பள்ளத்தை மறைக்காது, பளபளப்பில் இன்னும் எடுத்துக் காட்டும், முதலில் நசுங்கலைத் தட்டி எடுத்துப் பெயின்ட் அடியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பட்டறைக்காரருக்கோ ஒரே உற்சாகம். தட்டி நிமிர்த்தி, மேடுபள்ளம் நிரவப் பட்டி பூசித் தேய்த்து, நீலம் அடித்துவிட்டால் வண்டியைப் பெற்றெடுத்த கம்பெனிக்கே அடையாளம் தெரியாது என்றார். பம்பரைக் கழற்றினார். இடுக்கில் விரல் விட்டு எதையோ உருவி, என்ன சார் இது என்று என் உள்ளங்கையில் வைத்தார். மஞ்சள் மழைக்கோட்டின் கிழிசல். அதில் ஒரு பித்தான்.

மருமகனே, பொய்யில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. யானையை முழுசாகப் பொரித்துத் தின்றேன் என்று நான் சொன்னபோது, அந்த யானைக்காகச் சோறு இறங்காமல் அழுதவன் நீ. ஆனால் பித்தான் வைத்த மழைக்கோட்டு போடுகிற மாட்டை நான்கூடக் கற்பனை செய்ததில்லை.

பம்பரைத் திரும்ப மாட்டச் சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். வளைவு வழியாக வரத் தைரியமில்லை, சுற்றிக்கொண்டு வந்தேன். வேன் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அதே வெள்ளை. ஒட்டவும் மாட்டேன், அடிக்கவும் மாட்டேன். கிழிசல் என் சட்டைப் பையில் இருப்பதால் சட்டையைத் துவைக்கப் போடுவதில்லை. நாற்றம் தெருமுனை வரை அடிக்கிறது என்கிறாள் உன் அம்மா. நீலம் என்னாச்சு என்றும் கேட்கிறாள். நல்ல நீலம் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்த மனிதர் இன்றும் வளைவில்தான் நிற்கிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து, நீ பஸ் ஏறி வந்து சேரும் நேரம் வரைக்கும் பொறுத்திருப்பேன். நீ வந்தால் ஓட்டுவது நீ, பக்கத்து சீட்டில் நான். வராவிட்டால் நானே ஓட்டிக்கொண்டு போய், நசுங்கிய பக்கம் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்துவேன்.

நூறு வருஷம் நல்லா இரு என்று முடிப்பது என் வழக்கம். இந்தத் தடவை அதை அந்தப் பெண்ணுக்காகச் சாமியிடம் கேட்டுவிட்டேன். நீ வந்து சேர், உனக்கும் கேட்கிறேன்.

வாசலைப் பார்த்தபடி,
உன் தாய்மாமன்